முன்பதிவு பட்டனை நம்பி: சுயாதீன ஹிப்ஹாப் ஆல்பங்களுக்குக் காத்திருந்த அனுபவம்

பெரிய லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) எதிலும் சேராத ஹிப்ஹாப் குழுக்களின் ஆல்பங்களை வெளிவரும் முன்பே காசு கட்டி வாங்குவது எனக்குப் பல வருடப் பழக்கம். டிஜிட்டல் முன்பதிவு, வினைல் (இசைத்தட்டு) முன்பதிவு, ரசிகர்கள் சேர்ந்து பணம் போடும் கூட்டு நிதி, ஸ்ட்ரீமிங் செயலியில் 'ப்ரீ சேவ்' என்று இருக்கிற எல்லா வழியிலும் போய்ப் பார்த்தாயிற்று. இப்போதும் ஒரு மூவர் குழுவின் அடுத்த ஆல்பத்துக்குப் பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பாட்டு கைக்கு வந்துவிட்டது. மற்றவற்றின் பெயர் மட்டும்தான் தெரியும்.

ப்ரீ சேவ் பற்றி முதலிலேயே சொல்லி முடித்துவிடலாம். கேட்பவருக்கு அதில் பெரிய பயன் ஒன்றும் இல்லை. வெளியாகும் நாளில் பாட்டு தானாக நம் பட்டியலில் வந்து உட்காரும், அவ்வளவுதான். குழுவுக்கு முதல் நாள் எண்ணிக்கை கொஞ்சம் கூடும். நமக்குப் பிடித்தவர்கள் கேட்டார்கள் என்பதற்காக அழுத்திவிடலாம், எதிர்பார்ப்பு எதுவும் வேண்டாம்.

நீண்ட நாள் புழக்கத்தில் நான் முழுசாகத் திருப்தி அடைந்தது டிஜிட்டல் முன்பதிவில்தான். பெரும்பாலும் பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளம் வழியாக வாங்குகிறேன். 2008-ல் தொடங்கிய அந்தத் தளம், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், டி-ஷர்ட், ரெக்கார்டு போன்ற பொருட்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அது போக மிச்சமெல்லாம் குழுவுக்கு. முன்பதிவு செய்தவுடனேயே பணம் பிடிக்கப்படும். குழு விரும்பினால் சில பாட்டுகளை அப்போதே இறக்கிக்கொள்ளக் கொடுக்கலாம். மீதிப் பாட்டுகள் வெளியீட்டு நாளன்று வந்துவிடும். எம்பி3, ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாத கோப்பு) என்று வேண்டிய வடிவத்தில் எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வருடத்தில் இந்த ஏற்பாடு ஒருமுறைகூட என்னைக் கைவிட்டதில்லை. தேதி தள்ளிப்போனதுண்டு, ஆனால் வராமல் போனதில்லை.

2020 மார்ச் 20 அன்று, கச்சேரிகள் எல்லாம் ரத்தாகி கலைஞர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில், பேண்ட்கேம்ப் ஒரு நாள் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அதுவே பிறகு 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று தொடர்ந்தது. அதிலிருந்து சின்னக் குழுக்கள் அறிவிப்புகளை அந்த வெள்ளிக்கிழமைகளில் கொண்டுவந்து வைக்கின்றன. ஒரு குழு ரொம்ப நாள் சத்தமே இல்லாமல் இருந்தால், அடுத்த பேண்ட்கேம்ப் வெள்ளி என்றைக்கு என்று நான் பார்த்து வைத்துக்கொள்வேன். பல முறை கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது. நடுவே 2022-ல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் அந்தத் தளத்தை வாங்கியது, அடுத்த வருடமே சாங்டிரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கு விற்றது, ஊழியர்களில் சுமார் பாதிப் பேருக்கு வேலை போனது. பயன்படுத்துகிறவனுக்குத் தளத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனாலும் அதற்கப்புறம், வாங்கிய ஆல்பம் வெளியான அன்றே ஃப்ளாக் கோப்புகளை என் ஹார்ட் டிஸ்கில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

சரி, காத்திருக்கும் காலத்தில் நாம் என்ன செய்கிறோம்? முன்பதிவுப் பக்கத்தில் பாட்டுகளின் பட்டியல் இருக்கும். கேட்கக் கிடைப்பவை அழுத்தமான எழுத்தில், மற்றவை மங்கலாக. நான் அந்த மங்கலான பெயர்களைத்தான் அதிகம் படிக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் விருந்தினர் யார், கீழே நன்றிப் பகுதியில் மாஸ்டரிங் (ஒலியின் கடைசிச் சீரமைப்பு) செய்தது யார், எல்லாப் பீட்டும் (ராப்புக்கான பின்னணி இசை) குழுவிலேயே ஒருவர் செய்ததா, இல்லை வெளியாட்கள் கொடுத்ததா. இதில் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். ஒரே ஆள் பீட் செய்த ஆல்பத்துக்கு ஒரே மூச்சு இருக்கும். ஆறேழு பேரிடம் வாங்கிக் கோத்தது என்றால் பெரும்பாலும் நல்ல பாட்டுகள் கிடைக்கும், ஆல்பம் கிடைக்காது.

உடனே கிடைத்த பாட்டுகளில் ஒன்றை மட்டும் திறப்பது என்று வைத்திருக்கிறேன். இப்போதைய குழு கொடுத்த இரண்டில் ஒன்றைத் தேயத் தேயக் கேட்டாயிற்று. மூன்று நிமிடம் முடியும்போது பேஸ் நின்று, டிரம்மின் ஹை-ஹாட் தட்டு மட்டும் நாலு சுற்று ஓடி, டக்கென்று வெட்டுப்படும். இந்த மாதிரி மொட்டையான முடிவு எனக்குப் பழக்கம்தான். இதற்கு முன் இவர்களே ஆல்பத்துக்கு முன்னால் தனியாக விட்ட பாட்டு (சிங்கிள்) ஒன்றும் இப்படித்தான் பாதியில் நின்றது. ஆல்பத்தில் கேட்டபோது அந்த ஹை-ஹாட் நிற்காமல் அடுத்த பாட்டின் டிரம்முக்குள் நுழைந்து, வேறொரு லூப்புக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் இசைத்துண்டுக்கு, தாளமாகிவிட்டது. பாட்டைத் தனியாகக் கேட்டபோது குறை போலப் பட்டது ஒரு கதவு என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு சிங்கிளையும் மனப்பாடம் செய்துவிட்டு ஆல்பத்துக்குப் போனால், தெரிந்த இடம் வருகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பது போல ஆகிவிடுகிறது. அதனால்தான் மற்றதைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

வினைல் விஷயம் வேறு. கையில் பிடிக்கிற சந்தோஷம் தனிதான், மறுக்கவில்லை. ஆனால் பொறுமையைச் சோதிக்கும் வழி இது. லாக்கர் (மென்மையான பூச்சுள்ள மூலத் தகடு) தகட்டில் ஒலியை வெட்டி, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, சோதனைப் பிரதிகள் சில அடித்து, குழு அதைக் கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் முழு அச்சு தொடங்கும். சோதனைப் பிரதியில் கோளாறு இருந்தால் மறுபடி முதலிலிருந்து. 2020 பிப்ரவரி 6 அன்று கலிபோர்னியாவின் பானிங் நகரில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிந்துபோனது. லாக்கர் தகடு செய்ய உலகத்திலேயே இரண்டு இடங்கள்தான் இருந்தன, அதில் ஒன்று இது. அப்புறம் தொற்றுக் காலம், அதற்குள்ளேயே வினைல் கேட்பவர்கள் கூட்டமும் கூடியது. பெரிய நட்சத்திரங்களின் ஆர்டர்கள் வரிசையில் நிற்கும்போது, சில நூறு பிரதி கேட்கும் ஒரு ராப் குழு எங்கே போய் நிற்கும்? அந்தக் காலத்தில் நான் முன்பதிவு செய்த ரெக்கார்டுகள் வந்து சேரும்போது, டிஜிட்டலில் அந்த ஆல்பம் எனக்குப் பழைய ஆல்பமாகிவிட்டிருந்தது.

ஒருமுறை வந்த ரெக்கார்டில் நடுத்துளை மையத்தில் இல்லை. சுற்றச் சுற்ற முள் இடமும் வலமும் ஆடியது, பியானோ லூப்பின் சுருதி ஏறி இறங்கியது. முன்பதிவுப் பக்கத்தில் இருந்த முகவரிக்கு எழுதினேன். பதில் போட்டவர் அந்தக் குழுவில் ராப் பாடுகிற ஆளேதான். மன்னிப்புக் கேட்டு, வேறு பிரதி அனுப்பிவைத்தார். அது சரியாகவே இருந்தது. பாட்டு எழுதுபவர், பார்சல் ஒட்டுபவர், புகாருக்குப் பதில் சொல்பவர் எல்லாம் ஒருவரே என்றால் ஆல்பம் எப்படிச் சீக்கிரம் வரும்?

வினைலால் ஒரு நன்மையும் உண்டு. ஒரு பக்கத்தில் 22 நிமிடத்துக்கு மேல் திணித்தால் சத்தம் மெலியும், உள்வட்டத்தில் ஒலி சிதையும். அதனால் ரெக்கார்டை மனதில் வைத்து ஆல்பம் செய்கிற குழுக்கள் நாற்பது நிமிடச் சொச்சத்தில் நிறுத்திக்கொள்கின்றன. பக்கத்தின் தொடக்கத்தில் அதிரடியான பாட்டு, முடிவில் அடங்கிய பாட்டு என்று வரிசையும் அமைகிறது. குறுந்தகடு காலத்து எழுபது நிமிட ராப் ஆல்பங்களைக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

கூட்டு நிதிக்கு வருவோம். இதன் உச்சம் டி லா சோல் குழு 2015-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் கேட்டது. 1,10,000 டாலர் கேட்டார்கள், ஒரு நாள் முடிவதற்குள் சேர்ந்துவிட்டது. கடைசியில் 11,000 பேருக்கு மேல் சேர்ந்து 6 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஆல்பம் 2016 ஆகஸ்ட்டில் வந்தது. விளையாட்டாக நடந்ததும் உண்டு. ரன் தி ஜுவல்ஸ் ராப் ஜோடியினர், தங்கள் ஆல்பத்தைப் பூனைச் சத்தங்களை வைத்தே மறுபடி செய்து தருகிறோம் என்று 2014-ல் கேலியாக ஒரு முன்பதிவுப் பொதி அறிவித்தார்கள். ரசிகர் ஒருவர் நிஜமாகவே நிதி திரட்டி முடித்துவிட்டார். அடுத்த வருடம் மியாவ் சத்தத்தோடு ஆல்பம் வந்தே விட்டது! இதற்கு எதிர்ப்பக்கம் பிளட்ஜ்மியூசிக் என்ற நிதி திரட்டும் தளம். ரசிகர்கள் கொடுத்த பணம் பல கலைஞர்களுக்குப் போய்ச் சேராமலே 2019-ல் அந்த நிறுவனம் மூழ்கியது. அதற்குப் பிறகு நான் குழுவின் முகத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தாலும், நடுவில் பணத்தை வைத்திருப்பது யார் என்று பார்க்காமல் கொடுப்பதில்லை. முடிந்துபோன ஆல்பத்துக்கு முன்பதிவு செய்வதும், இனிமேல்தான் பாடப்போகிற ஆல்பத்துக்கு நிதி கொடுப்பதும் ஒன்றல்ல.

ஹிப்ஹாப் ஆல்பம் தாமதமானால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் சாம்பிள்தான், அதாவது பழைய பதிவிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் துண்டு. பழைய பாட்டிலிருந்து இரண்டு நொடி எடுத்தாலும் இரண்டு இடத்தில் அனுமதி வேண்டும்: அந்த ஒலிப்பதிவுக்கு உரிமையாளரிடம் ஒன்று, அந்தப் பாட்டை இயற்றிய உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இன்னொன்று. 1991-ல் ராப்பர் பிஸ் மார்க்கி மீதான சாம்பிள் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு அனுமதி இல்லாமல் வெளியிடுவது பெரிய ஆபத்தாகிவிட்டது. டி லா சோலின் பழைய ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்கில் வர 2023 மார்ச் 3 வரை ஆனதற்கும் இந்தச் சிக்கல்தான் பெரிய காரணம். குழுவின் டேவ் அதற்குச் சில வாரம் முன்புதான் இறந்துபோனார். கிக்ஸ்டார்ட்டர் பணத்தில் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? இசைக்கலைஞர்களை உட்காரவைத்து 200 மணி நேரத்துக்கு மேல் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அந்தப் பதிவிலிருந்தே சாம்பிள் எடுத்தார்கள். யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

சின்னக் குழுவுக்கு அந்த வசதி இல்லை. நான் கேட்டுப் பழகிய ஒரு சிங்கிளில் பின்னால் ஒரு பழைய சோல் இசைப் பாடகியின் குரல் வந்துகொண்டிருந்தது. ஆல்பம் வந்தபோது அதே மெட்டை வேறொருவர் பாடியிருந்தார். பாட்டு மோசமாகிவிடவில்லை, ஆனால் அந்தத் தூசு படிந்த ஒலி போய்விட்டது. அதிலிருந்து, பிடித்த சிங்கிளின் முதல் வடிவத்தை அழிக்காமல் தனியே வைக்கிறேன்.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்? கானிபல் ஆக்ஸ் குழு 2001-ல் தயாரிப்பாளர் எல்-பியின் பீட்டுகளோடு கொடுத்த முதல் ஆல்பத்துக்கு அடுத்தது 2015-ல்தான் வந்தது, எல்-பி இல்லாமல். கேட்கலாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 14 வருட எதிர்பார்ப்பை எந்த ஆல்பத்தாலும் சுமக்க முடியாது. ராப்பர் எம்.எஃப். டூமும் பீட் செய்யும் மேட்லிப்பும் சேர்ந்த மேட்வில்லன் கதை இன்னும் விசித்திரம். 2004 மார்ச் 23 அன்று அவர்களுடைய முதல் ஆல்பம் வருவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே முடிவடையாத பதிவு வெளியே கசிந்துவிட்டது. மனம் விட்டுப்போன இருவரும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். எம்.எஃப். டூம் தன் குரலை இன்னும் அடக்கி, சோம்பலான தொனியில் மறுபடி பாடினார். இன்று உலகம் கொண்டாடுவது அந்தத் தொனியை. இரண்டாவது ஆல்பம் வரும் வரும் என்று இருந்தோம். டூம் 2020 அக்டோபர் 31 அன்று போய்விட்டார், செய்தி வெளிவந்ததே டிசம்பர் 31 அன்றுதான்.

சொன்ன தேதிக்கு முன்பே கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ரன் தி ஜுவல்ஸின் மூன்றாவது ஆல்பம் 2017 ஜனவரி 13 என்று சொல்லியிருந்தார்கள், 2016 டிசம்பர் 24 அன்றே இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டுவிட்டார்கள். நான்காவதும் இரண்டு நாள் முந்தியது. ஆர்மண்ட் ஹேமர் ராப் ஜோடி 2017, 2018, 2020, 2021, 2023 என்று ஆல்பம் கொடுத்துக்கொண்டே இருந்தது. அதில் பில்லி வுட்ஸ் சொந்தமாக லேபிள் நடத்துகிறார். யாருடைய அலுவலகத்திலும் போய்க் காத்து நிற்க வேண்டாத குழு சீக்கிரம் ஆல்பம் தரும் என்பது என் நீண்ட நாள் கணிப்பு.

இப்போதைய மூவர் குழு தேதியை ஒருமுறை தள்ளிவிட்டது. வினைல் தொழிற்சாலையில் தாமதம் என்று எழுதியிருக்கிறார்கள். தொழிற்சாலைதான் காரணம் என்றால் டிஜிட்டலை ஏன் தள்ள வேண்டும்? அதனால் சாம்பிள் தகராறு என்றுதான் எனக்குப் படுகிறது. பட்டியலில் நாலாவதாக இருந்த பாட்டின் பெயரும் சத்தமில்லாமல் மாறியிருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்கிற எண்ணம் இல்லை. டிஜிட்டல் மட்டும்தான் எடுத்திருக்கிறேன். வினைலை, துளை சரியாக இருக்கிறது என்று முதலில் வாங்கியவர்கள் சொன்ன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.