பழைய 50 மி.மீ. லென்ஸ்: டகுமாரா, கேனன் எஃப்டியா, நிக்கார் ஏஐயா?

சோனி ஏ7 இரண்டாம் மாடல் பாடியைப் பழையதாக வாங்கியபோது, அதற்கு நல்ல ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்கக் கையில் காசு மிச்சமில்லை. பழைய மேனுவல் லென்ஸ் பக்கம் போனதற்கு அதுதான் காரணம். பழமையின் மேல் காதல், வண்ணத்தில் தனித்தன்மை என்கிற பேச்செல்லாம் பிறகு சேர்ந்துகொண்டவை.

50 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் தேடினால் முக்கியமாக மூன்று குடும்பங்கள் கிடைக்கும். ஒன்று எம்42 எனப்படும் திருகு மவுன்ட் (மவுன்ட் என்பது லென்ஸ் கேமராவோடு இணையும் வாய்). ஆசாகி பென்டாக்ஸின் டகுமார், சோவியத் ஹீலியாஸ், கிழக்கு ஜெர்மனியின் பென்டகான் எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவது கேனன் எஃப்டி. மூன்றாவது நிக்கான் ஏஐ; நிக்கான் தன் லென்ஸ்களுக்கு வைத்த பெயர்தான் நிக்கார். மூன்றிலும் படமெடுத்திருக்கிறேன். இப்போது பையில் இருப்பவை சூப்பர் டகுமார் 55 எஃப்/1.8, கூடவே ஒரு ஹீலியாஸ் 44-2. ஆகவே நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாக முடித்துக்கொள்வோம். ஆட்டோஃபோகஸ் கிடையாது. எந்த எஃப் எண்ணில், அதாவது லென்ஸின் துவாரத்தை (அபெர்ச்சர்) எவ்வளவு திறந்து எடுத்தோம் என்பது படத்தில் பதிவாகாது; எண் சிறிதானால் திறப்பு பெரிது. கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்பதை இயக்க வேண்டும். பாடியிலேயே நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் குவிய நீளத்தை (50, 55 என்கிற மி.மீ. எண்ணை) கையால் உள்ளிட வேண்டும். ஃபோகஸ் ஆன விளிம்புகளைத் திரையில் வண்ணமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை எஃப்/2-க்குக் கீழே அவ்வளவாக நம்ப முடியாது. திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் நிச்சயம். கல்யாண மண்டபத்தில் காசு வாங்கிக்கொண்டு படமெடுப்பவரும், ஓடும் குழந்தையைத் துரத்துபவரும் இதோடு நிறுத்திக்கொண்டு ஒரு புது 50 எஃப்/1.8 ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்கிவிடலாம்.

இந்த மூன்று குடும்பங்களும் மிரர்லெஸ் கேமராவில் வேலை செய்வதற்குக் காரணம் ஒன்றுதான். பழைய எஸ்எல்ஆர் கேமராவில் காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் ஆடி (மிரர்) மேலும் கீழும் அசைய இடம் வேண்டும் என்பதால் லென்ஸ் மவுன்ட் ஃபிலிமிலிருந்து தள்ளி இருந்தது. எம்42-க்கு அந்தத் தூரம் 45.46 மி.மீ., நிக்கான் எஃப் மவுன்டுக்கு 46.5, கேனன் எஃப்டிக்கு 42. அந்த ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராவான சோனி ஈ மவுன்டில் அதுவே வெறும் 18 மி.மீ. வித்தியாசத்தை நிரப்ப உள்ளே கண்ணாடி எதுவுமில்லாத ஒரு உலோகக் குழாய் போதும். அதற்குப் பெயர்தான் அடாப்டர்.

கேனன் எஃப்டி மலிவாகக் கிடைத்துவந்ததற்குப் பின்னாலும் இதே கணக்குதான். 1987-ல் கேனன் இஓஎஸ் வரிசைக்கு மாறியபோது புதிய ஈஎஃப் மவுன்டின் தூரம் 44 மி.மீ. ஆனது. 42-க்குச் செய்த லென்ஸை 44-ல் மாட்டினால் தொலைவில் இருப்பது ஃபோகஸ் ஆகாது. நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு வைத்த அடாப்டர் வேண்டும், அது தரத்தைக் கெடுக்கும். டிஜிட்டல் எஸ்எல்ஆர் காலம் முழுக்க எஃப்டி லென்ஸ்கள் அநாதையாகக் கிடந்தன. மிரர்லெஸ் வந்த பிறகுதான் அவற்றுக்கு மறுவாழ்வு.

படத்தின் தரத்தில் மூன்றுக்கும் பெரிய சண்டை இல்லை. எஃப்/5.6-க்கு வந்துவிட்டால் எது எந்த லென்ஸில் எடுத்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. முழுதும் திறந்து எடுக்கும்போதுதான் குணம் தெரியும். எஃப்டியின் பிந்தைய வடிவமான நியூ எஃப்டி 50 எஃப்/1.4 மூன்றிலும் நவீனமானது, எதிர்வெளிச்சத்திலும் கான்ட்ராஸ்டை நன்றாகத் தக்கவைக்கிறது. படத்தை மட்டும் பார்த்து வாங்குவதென்றால் நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன். நிக்கார் ஏஐ 50 எஃப்/1.8 கூர்மையானது, ஆனால் பின்னணி கொஞ்சம் முரடு. டகுமாரில் பின்னணி மென்மை, வண்ணத்தில் லேசான வெதுவெதுப்பு. ஹீலியாஸ் 44-2 பழைய ஜெய்ஸ் பயோட்டார் 58 எஃப்/2 வடிவமைப்பின் சோவியத் வாரிசு. இலைகளுக்குப் பின்னால் வெயில் இருந்தால் பின்னணி சுழல்வது போலத் தெரியும். முதல் வாரம் பரவசம், மூன்றாம் வாரம் அலுப்பு.

முடிவைத் தீர்மானித்தது படமல்ல, பராமரிப்பு. நான் இருப்பது சென்னையில். கடல் பக்கம், வருடத்தின் பெரும்பகுதி காற்றில் ஈரம். இந்த லென்ஸ்களுக்கு வயது நாற்பது, ஐம்பது, சிலவற்றுக்கு அதற்கும் மேல். நம் கைக்கு வருவதற்கு முன் அவற்றில் பல, தோல் உறைக்குள் பீரோவில் வருடக்கணக்கில் தூங்கியவை. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஆகவே பழைய லென்ஸ் வாங்கும்போது 'பூஞ்சை வருமா' என்பதல்ல, 'வந்தால் திறந்து சுத்தம் செய்ய முடியுமா, செய்ய ஆள் இருக்கிறாரா' என்பதே கேள்வி.

பூஞ்சையை ஆரம்பத்திலேயே பிடித்தால் துடைத்துவிடலாம். விட்டால் அது கண்ணாடியின் மேலுள்ள பூச்சை அரித்துத் தடம் போட்டுவிடும். பூஞ்சை போனாலும் தடம் போகாது. சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் லேசான பூஞ்சை தெரியவே தெரியாது. ஜன்னலை நோக்கி எடுத்தால் படம் முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெளுக்கும்.

டகுமாரில் இதற்கு வழி இருக்கிறது. முன்பக்கம் பெயர் பொறித்த வளையத்தை ரப்பர் குழாய் வைத்துத் திருகினால் கழன்றுவிடும். அதன் அடியில் சின்னத் திருகாணிகள். பின்பக்கக் கண்ணாடித் தொகுதியை இரண்டு காடிகள் உள்ள வளையம் பிடித்திருக்கும், அதற்கான ஸ்பேனர் ஒன்று போதும். எல்லாம் உலோகம், எல்லாம் திருகு. பிளாஸ்டிக் கொக்கி, ஒட்டுப்பசை எதுவும் குறுக்கே வராது. முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் வீட்டு மேசையில் நானே துடைத்திருக்கிறேன். ஃபோகஸுக்காக லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் மரையான ஹெலிகாய்டு வரை போய் கிரீஸ் மாற்றுவதை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவேன். அந்த மரையில் பல நுழைவாய்கள் உண்டு. எந்த இடத்தில் பிரிந்தது என்று குறித்து வைக்காமல் கழற்றினால், திரும்ப மாட்டும்போது தொலைவு ஃபோகஸ் இருக்காது.

ஹீலியாஸ் இதைவிட எளிது. உள்ளே தானியங்கி அபெர்ச்சர் பொறிமுறையே கிடையாது. ஒரு வளையத்தில் எஃப் எண்ணைக் குறித்துக்கொண்டு இன்னொரு வளையத்தால் மூடித் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் நோய் பூஞ்சையைவிடக் கிரீஸ்தான். காய்ந்துபோய் ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப இரண்டு கையும் தேவைப்படும் பிரதிகள் நிறைய உலவுகின்றன.

நியூ எஃப்டியில் கதை மாறுகிறது. 1979-ல் வந்த அந்த வடிவத்தில் லென்ஸின் பின்புறம் நெம்புகோல்கள், உள்ளே அவற்றின் இணைப்புகள், பிளாஸ்டிக் பாகங்கள் என்று சிக்கல் அதிகம். எனக்குப் பழக்கமான பழுதுபார்ப்பவர் டகுமார் என்றால் 'வெச்சுட்டுப் போங்க' என்பார். நியூ எஃப்டி என்றதும் 'பார்க்கலாம்' என்பார். அந்தப் 'பார்க்கலாம்' எத்தனை மாதம் என்பது அவருக்கே தெரியாது. வாங்கும்போது சோதிப்பதும் சிரமம். டகுமாரின் பக்கவாட்டில் ஏ, எம் என்று ஒரு விசை உண்டு. எம்மில் வைத்து வளையத்தைத் திருப்பினால் கையில் வைத்தபடியே அபெர்ச்சரின் உலோக இலைகள் மூடுவதைப் பார்த்துவிடலாம். எஃப்டியைக் கேமராவிலோ அடாப்டரிலோ மாட்டாமல் அப்படிப் பார்ப்பது எளிதல்ல. விற்பவர் வாசலில் நின்று சோதிக்கும் நமக்கு இது சின்ன விஷயமல்ல.

நிக்கார் ஏஐ இந்த விஷயத்தில் டகுமாருக்குச் சமம் என்றே சொல்வேன். திடமான உலோகக் கட்டு, பழுதுபார்ப்பவர்கள் பலரும் திறந்து பழகிய லென்ஸ். நிக்கான் ஸெட் பாடி வைத்திருப்பவர் என்றால் என் வாதத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு நிக்காருக்குப் போய்விடலாம். நிக்கானின் சொந்த அடாப்டர் எஃப்டிஸெட் (FTZ; கேனன் எஃப்டியோடு சம்பந்தமில்லை) இருக்கிறது, பொருந்துவதில் சந்தேகமில்லை.

பயமுறுத்தும் இரண்டு விஷயங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலைகளில் எண்ணெய் கசிந்திருக்கிறது என்று ஒரு லென்ஸை மலிவாகக் கொடுப்பார்கள். எஸ்எல்ஆரில் அது பெரிய குறை; ஷட்டர் திறக்கும் நொடிப்பொழுதில் இலைகள் மூடியாக வேண்டும். நமக்கோ படமெடுப்பதற்கு முன்பே இலைகள் மூடித்தான் இருக்கும். மெதுவாக மூடினால் என்ன? எண்ணெய் கண்ணாடியில் ஆவியாகப் படிந்திருக்கிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, விலையில் பேரம் பேசலாம்.

இன்னொன்று மஞ்சள். ஏழு கண்ணாடிகள் கொண்ட சூப்பர் டகுமார் 50 எஃப்/1.4-லும், 55 எஃப்/1.8-ன் சில பிரதிகளிலும் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. வருடம் போகப் போக அது தேநீர் நிறத்துக்கு மாறும். லேசான கதிரியக்கமும் உண்டு. உடைத்துப் பொடியாக்காதவரை, பையில் போட்டுச் சுற்றுவதில் பயப்பட எதுவுமில்லை. மஞ்சளைப் புறஊதா விளக்கின் அடியில் சில நாட்கள் வைத்தால் பெருமளவு தெளியும். வெயிலில் வைத்தும் தெளிய வைக்கலாம்தான், ஆனால் லென்ஸ் வெயிலைக் குவித்தால் எதிரே இருப்பது பொசுங்கும். பூஞ்சைக்கு நேரம் ஆக ஆக நஷ்டம். மஞ்சளுக்கு அந்த அவசரம் இல்லை. கேமராவில் வண்ணச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸே பாதியைச் சரிசெய்துவிடும்.

அடுத்து அடாப்டர். எம்42 மாட்டுவது ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகுவது மாதிரி, யோசிக்க எதுவுமில்லை. ஒரே தொல்லை, திருகி முடிக்கும்போது எஃப் எண்கள் மேலே வராமல் பக்கவாட்டில் போய் நிற்கும். பல அடாப்டர்களில் அதற்கென்றே மூன்று பொடித் திருகாணிகள் இருக்கும், அவற்றைத் தளர்த்தி உள்வளையத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எஃப்டி அடாப்டரில் திறக்க, பூட்ட என்று தனி வளையம் உண்டு. அது தவறான நிலையில் இருக்கும்போது லென்ஸை மாட்டினால், எஃப் எண்ணை எங்கே வைத்தாலும் அபெர்ச்சர் முழுதும் திறந்தே கிடக்கும். பழகினால் சரியாகிவிடும்.

மலிவு அடாப்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறைகள் இரண்டு. ஒன்று, தொலைவு ஃபோகஸ் தவறக்கூடாது என்று வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகச் செய்வார்கள். அதனால் லென்ஸில் பொறித்த தூர அளவுகளை நம்பித் தெருப்படம் எடுக்க முடியாது. இரண்டு, உட்சுவர் பளபளப்பு. அதிலிருந்து வெளிச்சம் தெறித்துப் படம் வெளுத்தால் லென்ஸைத் திட்டுவோம். உள்ளே கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டினால் தீர்ந்துவிடும்.

எம்42 அடாப்டர் ஒன்று வாங்கினால் டகுமார், ஹீலியாஸ், பென்டகான், ஜெய்ஸ் ஜெனா எல்லாமே அதில் ஏறும். நாளைக்கு சோனியை விற்றுவிட்டு ஃபூஜிக்கோ நிக்கானுக்கோ போனாலும் மாற்ற வேண்டியது அந்தக் குழாயை மட்டும்தான். எஃப்டிக்கும் ஏஐக்கும்கூட இது பொருந்தும், ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரே கம்பெனியின் லென்ஸ்களைச் சுற்றியேதான் வர வேண்டும். மறுவிற்பனையில் நிக்கார்தான் வேகமாகப் போகும். பெயரைச் சொன்னாலே வாங்க ஆள் வரும். டகுமாருக்கு விஷயம் தெரிந்த ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அடாப்டரை மட்டும் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, லென்ஸோடு சும்மா கொடுத்துவிட வேண்டியதுதான்.

மினோல்டா ரொக்கார், ஒலிம்பஸ் ஓஎம் இரண்டையும் நண்பர்களிடம் இரவல் வாங்கிப் பார்த்ததோடு சரி. நன்றாகத்தான் இருந்தன, ஆனால் வைத்துப் பராமரித்ததில்லை என்பதால் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. நான் சொன்னதெல்லாம் ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கு. சென்சார் அதைவிடச் சிறிதான ஏபிஎஸ்-சி பாடியில் 55 மி.மீ. ஏறக்குறைய 82 மி.மீ. பார்வைக் கோணத்தைத் தரும். முகப்படத்துக்கு நல்லது, வீட்டுக்குள் சுவரில் முதுகு இடிக்கும். லைக்கா எம் போன்ற, ஆடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் வைட் லென்ஸ்களுக்கும் இதை நீட்டிக்க வேண்டாம். அவற்றின் பின்கண்ணாடி சென்சாரை ஒட்டி நிற்பதால், சோனி சென்சாரின் மேலுள்ள தடித்த கண்ணாடி படத்தின் ஓரங்களைக் கெடுக்கும்.

லென்ஸ்கள் இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடும் ஒரு சின்ன ஈரமானியோடும் இருக்கின்றன. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். அடுத்து அதே அடாப்டருக்கு ஜெனாவின் ஃப்ளெக்டகான் 35 எஃப்/2.4 தேடுகிறேன். சுமார் 20 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும் லென்ஸ். சுத்தமான பிரதிக்குச் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை. கட்டுப்படியாகும் விலைக்கு வருவதில் டார்ச் அடித்தால் ஓரத்தில் சிலந்திவலை மாதிரி ஏதோ தெரிகிறது.