பாய்மரத்துக்கு உறை போட்ட கம்பி வாங்காதீர்கள்

பாய் வள்ளம் வைத்திருப்பவர்களுக்கான பதிவு இது. வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியைப் பாய்மரத்துக்கு இழுத்துக் கட்டச் சொல்லி எவராவது விற்றால் தொடவே வேண்டாம். வவுனியாவில் ஒரு ஹாட்வெயார் எங்கள் தலையில் கட்டியது அதைத்தான், அதுவும் இரட்டிப்புக் காசுக்கு.

2022இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, நாச்சிக்குடாவில் கிடந்த எங்கள் பழைய வள்ளத்துக்கு மறுபடி பாய் போட்டோம். மரம் நல்ல மரம். கம்பிகள்தான் துருவேறிப் போயிருந்தன. கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டினார். "பாருங்கோ அண்ணை, ஒட்டேல்லை. இது 316. கப்பலுக்குப் போடுற சாமான்." 316 என்பது ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம். ஒட்டாதது உண்மைதான். ஆனால் குசினிச் சாமான் செய்கிற 304 ரகமும் பெரிதாக ஒட்டாது. 316இல் 2-3 சதவீதம் மொலிப்டினம் என்ற உலோகம் இருக்கும். உப்புத் தண்ணீரைத் தாங்குவது அதனால்தான். காந்தத்துக்கு அது எங்கே தெரியப்போகிறது? பில்லில் 316 என்று எழுதச் சொன்னேன். 'வயர்' என்று மட்டும் எழுதித் தந்தார்கள்.

சோழகக் காற்றுக் காலத்தில் இரணைதீவிலிருந்து திரும்பும்போது காற்றுப் பக்கக் கம்பி அறுந்தது. மரம் சித்தப்பாவின் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை, அந்தோனியார் புண்ணியம்.

கரைக்கு வந்து உறையைப் பிளேட்டால் கீறினேன். நடுவில் பளபளவென்றிருந்த கம்பி, நுனியை மடித்துப் பூட்டிய கிளிப்புக்குக் கிட்ட ஒரு சாண் நீளத்துக்கு மண்ணிறமாகியிருந்தது. விரலால் தேய்க்க இழைகள் உதிர்ந்தன. ஒட்சிசன் பட்டால்தான் ஸ்டெயின்லெஸ்மேல் அதைக் காக்கும் மெல்லிய படலம் நிற்கும். உறைக்குள் தேங்கிய உப்புத் தண்ணீருக்குக் காற்றே இல்லை. உள்ளே அரித்துக்கொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது.

கிளிப் பூட்டியதும் அவர்களுடைய ஆள்தான். குறைந்தது மூன்று வேண்டிய இடத்தில் இரண்டு. அதிலும் கிளிப்பின் யூ வளைவு, பாரம் தாங்கும் நீளப் பக்கமான இழுவைக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. வளைவு மடித்துவிட்ட குட்டை நுனிமேல் வரவேண்டும், கிளிப்பின் அடிக்கட்டை இழுவைக் கம்பிமேல். இதுகூடத் தெரியாதவருக்குக் கூலி வேறு!

கடைக்குப் போனால், "கடல்ல போட்டா எந்தக் கம்பியும் துருப்பிடிக்கும்தானே" என்கிறார் அதே மனிதர். காசும் இல்லை, மாற்றுக் கம்பியும் இல்லை.

இப்போது வெறும் கல்வனைஸ் கம்பிக்குக் கிறீஸ் பூசிக் கட்டியிருக்கிறோம். துருப்பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஏற்கனவே உறைக் கம்பி போட்டவர்கள், அடுத்த முறை பாய் ஏற்றுமுன் கிளிப்புக்குக் கிட்ட உறையைக் கீறிப் பாருங்கள்.