கீழக்கரை கூடைப்பந்துப் பயிற்சி: பெஞ்சில் இருப்பவனுக்கும் வேலை உண்டு

என் மகன் கல்லூரி அணியில் எட்டாவது ஆள், அதாவது களத்தில் இறங்கும் முதல் ஐவரில் இல்லாத மாற்று ஆட்டக்காரன். இங்கே மாலைப் பயிற்சியில் சேர்த்ததில் எனக்கு முழுத் திருப்தி. 10 நிமிடம் வீதம் 4 கால்பகுதி ஆட்டம். முதல் ஐவரையே ஓடவிட்டால் கடைசியில் கால் துவண்டு, ஷாட் வளையத்துக்கு முன்னாலேயே விழும். நம்ம கடற்கரைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். 5 ஃபவுல் ஆனால் ஆளே வெளியே. கோச் இரண்டிரண்டு பேராக மாற்றுகிறார். பந்தைக் கொண்டுபோகும் பையனையும் உயரமான பையனையும் ஒரே நேரத்தில் வெளியே எடுப்பதில்லை. பெஞ்சுக்கு வந்தவனிடம் குனிந்து, "எதிரணியில் யார் இடதுகைக்காரன்?" என்று கேட்கிறார். பதில் சொன்னால்தான் திரும்ப உள்ளே. அருமையான பழக்கம்! சிமெண்ட் தரை, நல்ல ஷூ அவசியம். அப்புறம், பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கினால் தங்கை மகளையும் சேர்த்துவிடுவேன்.