சொரியாசிஸ்: வீரியமான ஸ்டீராய்டு ட்யூபா, கால்சிபோட்ரியோல் கலவையா? நிறுத்தும்போதுதான் வித்தியாசம் தெரியும்

முழங்கையிலும் முழங்காலிலும் தோல் தடித்து வெள்ளைச் செதில் கொட்டும் சாதாரண சொரியாசிஸுக்கு எந்த மருந்து நல்லது என்பதை முதல் இரண்டு வாரத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்த இரண்டு வாரத்தில் வீரியமான ஸ்டீராய்டு எதுவாக இருந்தாலும் வேலை செய்யும். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு மருந்து தேடுகிறவருக்கு அதுவே போதும் என்றுதான் தோன்றும். ஆனால் இது வருஷக்கணக்கில் கூடவே வருகிற நோய். எட்டாவது வாரத்தில் ட்யூபைக் கீழே வைக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் என் அளவுகோல். அப்படிப் பார்த்தால், டெர்மோவேட் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த க்ளோபெட்டசோல் ஸ்டீராய்டைத் தனியாகத் தடவுவதைவிட, கால்சிபோட்ரியோலும் (வைட்டமின் டி வழிவந்தது) பீட்டாமெத்தசோனும் (இதுவும் ஸ்டீராய்டுதான்) சேர்ந்த கலவைதான் (டைவோபெட் அந்த வகை) மேல்.

இந்த ஒப்பீடு பாதிப்பு குறைவாக உள்ளவர்களுக்கானது. விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை ஒன்று, உடல் பரப்பில் ஏறக்குறைய 1 விழுக்காடு. பாதிப்பு பத்து உள்ளங்கைக்கு மேல் இருந்தால் களிம்பு மட்டும் தாக்குப்பிடிக்காது. அவர்களுக்கானது பின்னால் வருகிறது.

இன்னொன்று, அது சொரியாசிஸ்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். படர்தாமரையும் செதில் விடும், அரிக்கும். ஆனால் அது நடுவில் ஆறி, ஓரத்தில் வளையமாகப் பரவும். சொரியாசிஸ் திட்டு முழுக்க ஒரே சீராகத் தடித்திருக்கும்; நகத்தில் ஊசி குத்தியதுபோல் சிறு குழிகள் இருக்கலாம்; தலையில் வந்தால் முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு இறங்கும். படர்தாமரைமேல் ஸ்டீராய்டைத் தடவினால் சில நாள் அடங்கி, பிறகு உருவமே மாறிப் பரவும். இந்தியாவில் ஊருக்குப் போய் வருகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு வரும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமிக்கொல்லியும் சேர்ந்த ட்யூபுகளால் இந்தக் குழப்பம்தான் அதிகம் நடக்கிறது.

ஸ்டீராய்டு தனியாக

சாதாரணத் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 28 நாள் எடுக்கும். சொரியாசிஸ் திட்டில் அது மூன்று முதல் ஐந்து நாளில் நடந்துவிடுகிறது. செல்கள் முதிர நேரமில்லாமல் மேலே வந்து குவிவதுதான் செதில். ஸ்டீராய்டு அடியில் இருக்கும் அழற்சியை அணைக்கிறது, அதுவும் வேகமாக. செலவும் குறைவு. அதன் பெருமை அவ்வளவுதான்.

க்ளோபெட்டசோல் 0.05 விழுக்காடு இருப்பதிலேயே வீரியமான வகுப்பு. வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் போகக்கூடாது. தொடர்ந்து இரண்டு வாரம் பூசிய பின் மருத்துவர் பார்த்துத்தான் நீட்டிக்க வேண்டும். நடப்பதோ வேறு. திட்டு அமுங்கியதும் சட்டென்று நிறுத்துகிறார்கள், மூன்று நான்கு வாரத்தில் திரும்பி வருகிறது, சில நேரம் முன்பைவிடப் பெரிதாக. மறுபடி பூசுகிறார்கள். சில சுற்றுக்குப் பிறகு பழைய வேகம் இருக்காது. தோல் மெலிந்து காகிதம்போல் பளபளக்கும், லேசாக இடித்தாலே ரத்தம் கன்றும், தொடையிலும் அக்குளிலும் வரிவரியாகத் தழும்பு விழும். அந்த வரிகள் மறைவதில்லை.

கலவையும் அதன் கணக்கும்

கால்சிபோட்ரியோல் வைட்டமின் டி-யின் வழிவந்த சேர்மம். செல் பெருகும் வேகத்தைக் குறைத்து முதிரச் செய்வது அதன் வேலை. தனியாகப் பூசினால் மெதுவாகத்தான் வேலை செய்யும், கொஞ்சம் எரியும். பீட்டாமெத்தசோன் சேரும்போது எரிச்சல் அடங்குகிறது, பலனும் சீக்கிரம் தெரிகிறது. ஒரு நாளைக்கு ஒரே தடவை பூசினால் போதும். இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு வேளை பூசச் சொன்ன மருந்தைப் பெரும்பாலானவர்கள் ஒரு வேளைதான் பூசுகிறார்கள்.

ராத்திரி குளித்து, செதில் ஊறியதும் மென்மையாகத் துடைத்து (தேய்த்துப் பிய்க்கக் கூடாது), முதலில் ஈரப்பதக் களிம்பு. அரை மணி நேரம் கழித்துத் திட்டின்மேல் மட்டும் மருந்து. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாத விரல் முகத்தில் பட்டால் கால்சிபோட்ரியோல் எரிக்கும்.

எவ்வளவு பூசுவது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ட்யூபை அழுத்தி, ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடு போட்டால் அது ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குக் காணும். இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இடுப்பில் கொஞ்சம் என்று மொத்தம் நான்கு உள்ளங்கை அளவு பாதிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1 கிராம். அப்படியானால் 30 கிராம் ட்யூப் ஒரு மாதத்தில் தீர வேண்டும். அதே ட்யூப் மூன்று மாதமாக அலமாரியில் இருந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மருந்து பூசப்படவே இல்லை.

நான்கு வாரம் தினமும் பூசி திட்டு தட்டையானதும் நிறுத்தாமல் இறங்குவதுதான் இந்தத் தேர்வின் உயிர்நாடி. வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய இடங்களில் மட்டும் பூச்சு. மற்ற நாளில் ஈரப்பதக் களிம்பு. அதே நான்கு உள்ளங்கைக் கணக்கில் மாதத்துக்கு 8, 9 கிராம். 30 கிராம் ட்யூப் மூன்று மாதத்துக்கு மேல் வரும். ட்யூபின் விலை ஸ்டீராய்டைவிட அதிகம்தான், ஆனால் வருடக் கணக்கு போட்டால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். இந்த வாரம் இருமுறை ஏற்பாட்டை ஓராண்டுவரை முறையாகச் சோதித்தது இதே கலவையின் நுரை வடிவத்தில். களிம்பிலும் மருத்துவர்கள் இதே வழியைச் சொல்வதுண்டு. உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டே தொடங்குங்கள். நுரை டப்பா தீப்பற்றும் தன்மை கொண்டது. பாராஃபின் களிம்பு ஊறிய துணியும் சட்டென்று பற்றும். சாமி விளக்கருகில், தீபாவளி நேரத்தில் கவனம்.

நம் நிறத் தோலுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் திட்டு நமக்குக் கருஞ்சிவப்பாக, ஊதா கலந்த பழுப்பாகத் தெரியும். ஆறிய பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்தோ வெளுத்தோ நிற்கும். அதை நோய் என்று நினைத்து ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசித் தோலைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோலிலிருந்து ஏறாமல், சொரசொரப்பில்லாமல் சமமாக ஓடினால் நோய் அடங்கிவிட்டது. நிறம் தானாகத் திரும்பும், அதற்குத் தினசரி மருந்து வேண்டாம்.

கலவையைக் கெடுப்பது பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம். அது பட்டால் கால்சிபோட்ரியோல் செயலிழந்துவிடும். தலைக்கு நிலக்கரித் தார், சாலிசிலிக், கந்தகம், தேங்காய் எண்ணெய் சேர்ந்த கொக்கோய்ஸ் களிம்பு கொடுத்திருந்தால் அதைத் தலையோடு நிறுத்துங்கள். அதே கையால் முழங்கையைத் தொடாதீர்கள். முகம், அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றில் கலவை பூசக்கூடாது. அங்கே 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் (வீரியம் குறைந்த ஸ்டீராய்டு) அல்லது ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு. கலவைக்கு உச்ச வரம்பு ஒரு நாளைக்கு 15 கிராம். அதைத் தாண்டினால் ரத்தத்தில் கால்சியம் ஏறக்கூடும்.

வெட்பாலை எண்ணெயும் தாரும்

சித்த மருத்துவத்தில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். பிரதான மருந்து வெட்பாலைத் தைலம். இலையைக் கையால் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைக்க, சில நாளில் எண்ணெய் கத்தரிப்பூ நிறமாகும். செதிலை ஊறவைத்து இளக்குவதில் குறை சொல்ல முடியாது. அதற்குமேல் எவ்வளவு என்பதற்குச் சிறிய ஆய்வுகளே உள்ளன. பெரிய மருந்துகளோடு நேருக்கு நேர் நிறுத்தி நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஈரப்பதக் களிம்பின் இடத்தில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், தலையணை உறை கறைபடும் என்பதோடு. தாரும் ஏறக்குறைய அப்படித்தான்: மலிவு, மெதுவானது, நிறுத்தினால் ஸ்டீராய்டுபோல் திருப்பி அடிக்காது, வாசனையும் கறையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தார் ஷாம்பு போட்டால் உடனே அலசாமல் ஐந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.

மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ பாட்டில் வாங்கும்போது, மருந்து என்று விற்கும் பொருளில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பாரம்பரிய மருந்தானால் எண்ணின் கடைசியில் டி (T) என்ற எழுத்து இருக்கும். எண்ணே இல்லாத ‘மூலிகைக் களிம்பு’ மூன்றே நாளில் திட்டை அழித்துவிட்டால் மகிழ வேண்டாம். மூலிகை அந்த வேகத்தில் வேலை செய்வதில்லை. உள்ளே ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம்.

மருந்து தோற்கவில்லை, தூண்டுதல் ஓயவில்லை

ஒழுங்காகப் பூசியும் புதுத் திட்டு வந்தால் ட்யூபை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். தோலில் காயம் பட்ட இடத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் சொரியாசிஸ் முளைக்கும். சேலைக்குள் இறுக்கிக் கட்டும் பாவாடை நாடா இடுப்பில் வரைந்த கோட்டிலேயே திட்டு வருவது இதனால்தான். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் பட்டை போதும். பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ அலகு குத்துவதும், மொட்டை போடும்போது சவரக் கத்தி கீறுவதும், பச்சை குத்துவதும் இதே கணக்குத்தான். நோய் சீறிக்கொண்டிருக்கும் வருடத்தில் அலகு வேண்டாம், பால்குடம் எடுக்கலாம்.

தொண்டை வலிக்குப் பிறகு மழைத்துளிபோல் சிறு திட்டுகள் உடம்பெங்கும் வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிதான் காரணமாக இருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா தடுப்பான்கள், லித்தியம், க்ளோரோகுயின் வகை மாத்திரைகள் நோயைக் கிளப்பக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருந்துப் பட்டியலை அப்படியே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிகரெட்டும் மதுவும் மனஅழுத்தமும் எல்லோருக்கும் தெரிந்தவை. கத்தரிக்காய், கருவாடு, நண்டு என்று பத்தியம் காப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உடல் எடை குறைந்தால் நோய் தணியும் என்பதற்கு இருக்கிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும். உடம்பு முழுக்கச் சட்டென்று தெளிந்துவிடும். மருந்தின் தாக்கம் இறங்கும்போது சீழ்க்கொப்புளத்தோடும் காய்ச்சலோடும் வந்து வார்டில் படுக்கவைக்கும்.

பத்து உள்ளங்கைக்கு மேல் போனால்

மலேசிய அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் மருத்துவமனை அல்லது பினாங்கு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம்.

ஒளி சிகிச்சையில் பயன்படுவது 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். நல்ல சிகிச்சை, கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கக்கூடியது. தடை சிகிச்சையில் இல்லை, சாலையில் இருக்கிறது. வாரம் மூன்று முறை, எட்டுப் பத்து வாரம் என்றால் 24 முதல் 30 தடவை போய்வர வேண்டும். பெட்டிக்குள் நிற்பது சில நிமிடங்கள்தான். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்தோ, கிள்ளானிலிருந்து கே.எல். நெரிசலுக்குள்ளோ வருகிறவருக்கு அரைநாள் போய்விடும். இரண்டு வாரம் விட்டால் அளவைக் குறைத்துத்தான் தொடங்குவார்கள், அதற்குமேல் விட்டால் பெரும்பாலும் முதலிலிருந்து. முதலாளி விடுப்புத் தருவாரா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அன்று காலை சாலிசிலிக்கோ கனமான களிம்போ பூசாமல் போங்கள், கதிரை மறிக்கும். கால்சிபோட்ரியோலை வந்தபிறகு பூசுங்கள். நம் ஊர் வெயில்தான் இலவசமாக இருக்கிறதே என்று நடுப்பகலில் நிற்பது இதற்கு ஈடாகாது. அதில் அளவும் இல்லை, தோல் வெந்தால் அந்த இடத்திலேயே புதுத் திட்டு வரும்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மலிவானது, பலன் உள்ளது, வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும். 2.5 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு சேர்த்தால் 15 மில்லிகிராம். இதைத் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிருக்கே ஆபத்து. அட்டைப்பெட்டியில் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஃபோலிக் அமிலத்தை வேறு நாளில் எடுக்க வேண்டும். ரத்தமும் ஈரலும் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட வேண்டும். மது கூடாது. குழந்தை வேண்டுமென்றால் பல மாதம் முன்பே மருத்துவரிடம் பேசி நிறுத்த வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோட்ரைமோக்சசோல் எழுதினால் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை உடனே சொல்லுங்கள். உயிரியல் ஊசிகள் இவற்றையெல்லாம் தாண்டிய பலம் கொண்டவை, விலையும் அப்படியே. போடுவதற்கு முன் காசநோய்க்கும் ஹெப்பாட்டைட்டிஸ் பி-க்கும் பரிசோதனை உண்டு.

திட்டு இரண்டே உள்ளங்கைதான், கலவையே போதும் என்று இருப்பவர்களும் காலையில் எழுந்ததும் மூட்டு அரை மணி நேரத்துக்கு மேல் மரத்து இறுகினால், ஒரு விரல் முழுதாகச் சாசேஜ்போல் வீங்கினால், குதிகால் காரணமில்லாமல் வலித்தால் களிம்போடு நிற்கக்கூடாது. சொரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குவரை மூட்டுக்கும் போகும். தோல் ஆறும், தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திராமல் கடிதத்தோடு முன்கூட்டியே போங்கள்.