கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்: விளையாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆள்தான் இல்லை

பத்து வருஷத்துக்கு மேலாக ஒரே விளையாட்டைப் போனில் வைத்திருக்கிறவன் எழுதுவது இது, அதனால் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் 2012இல் ஐபோனுக்கு வந்தது, ஆண்ட்ராய்டுக்கு 2013 அக்டோபரில். சொந்தமாக ஒரு ஊரைக் கட்டி, படை சேர்த்து அடுத்தவன் ஊரை அடிக்கும் விளையாட்டு, கூட்டாகச் சேர்ந்து ஆடும் குழுவுக்குப் பெயர் கிளான். நான் இறக்கியது 2014இல், பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கும்போது. ஜியோ வராத காலம். ஹாஸ்டலில் ஒருத்தன் நெட் பேக் போட்டு ஹாட்ஸ்பாட்டைத் திறந்தால் ஆறு பேர் ஒட்டிக்கொள்வோம். ஊருக்கு நடுவில் நிற்கும் டவுன் ஹாலின் படியை வைத்துத்தான் ஒருத்தன் எவ்வளவு ஏறியிருக்கிறான் என்று கணக்கு, டவுன் ஹால் 10தான் அப்போது உச்சம். கிளான் பெயரில் நெல்லையும் உண்டு, சிங்கமும் உண்டு, வேறென்ன வைப்போம்.

இன்றைக்கு இறக்கினால் அன்றைக்கு நாங்கள் விளையாடியதைவிட நல்ல விளையாட்டு கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது ஒரு டிராகன் தயாராகவே அரை மணி நேரம், படை முழுக்கச் சேர்வதற்குள் ஜங்ஷன் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். படைக்கு ஆகும் எலிக்சிர் (விளையாட்டுக்குள் சேர்க்கும் சரக்கு) செலவை 2022இல் எடுத்தார்கள், காத்திருப்பை 2025 மார்ச்சில் எடுத்தார்கள். தோற்றால் உடனே அடுத்த அட்டாக். இவ்வளவு செய்தும் எங்கள் கிளானில் 50 இடத்தில் 19 பேர்தான், அதிலும் போனைத் திறப்பவர்கள் மூன்று பேர்.

பழைய விளையாட்டு சலித்துவிடும், அதனால்தான் ஆட்கள் போகிறார்கள் என்பார்கள். எங்களில் சலித்துப் போனவன் ஒருத்தன்கூட இல்லை. நடந்தது வேறு. கிளானும் கிளானும் மோதும் கிளான் வாரில் ஆளுக்கு இரண்டு அட்டாக், ஒரு நாள் ஏற்பாடு, மறுநாள் சண்டை. 40 பேர் இறங்கினால் 80 அட்டாக்கையும் 24 மணி நேரத்துக்குள் போட வைக்க வேண்டும், அதை விளையாட்டு செய்யாது, மனுஷன்தான் செய்யணும். எங்களுக்கு அதைச் செய்தவர் பேட்டையில் மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும்: "ஏலே, ஒனக்கு இன்னும் ஒரு அட்டாக் கெடக்கு, போட்டுட்டுப் படு." திட்டுவார், கெஞ்சுவார், பரீட்சைக்குப் படிப்பவனை வார் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார். 2019இல் அவருக்குக் குழந்தை பிறந்தது, அப்புறம் ஷார்ஜா போய்விட்டார், லீடர் பதவியை என்னிடம் கொடுத்தார். எனக்கு ஆளைக் கூப்பிட்டுத் திட்டக் கூச்சம். 40 பேர் வார் 25 ஆனது, 15 ஆனது, 10 ஆனது. யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, சொல்லிக்கொண்டும் போகவில்லை. டொனேஷன், அதாவது கிளான்காரன் தரும் படை, கேட்டால் பதில் வருவது மெல்ல நின்றது, அவ்வளவுதான்.

2018இலேயே பப்ஜி மொபைல் வந்து பத்துப் பேரைக் கொண்டுபோயிருந்தது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி அரசாங்கம் 118 ஆப்களைத் தடை செய்தபோது அதுவும் போனது, பயல்கள் திரும்பி வருவார்கள் என்று காத்திருந்தேன். நாலு பேர் வந்தார்கள். இடையில் டவுன் ஹால் 12, 13 என்று இரண்டு படி ஏறியிருந்தது. தங்கள் பழைய ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள்.

அந்தப் படிக்கட்டுதான் புதிதாக வருபவனுக்கும் இடைஞ்சல். 2024 நவம்பரில் டவுன் ஹால் 17 வந்தது. ஒன்பதாவது படிக்கும் அக்கா மகனுக்கு ஆசையாக இறக்கிக் கொடுத்தேன். "மாமா, இவ்வளவும் ஏறுனாத்தான் உங்க கூட வார் வர முடியுமா?" என்று கேட்டவன் இரண்டாம் நாளே ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்குப் போய்விட்டான். அங்கே ஒவ்வொரு ஆட்டத்திலும் எல்லோரும் வெறுங்கையோடுதான் களத்தில் குதிக்கிறார்கள், நேற்று வந்தவனுக்கும் மூன்று வருஷக்காரனுக்கும் கையில் ஒன்றும் கிடையாது. பழக்கத்தில் வித்தியாசம் இருக்கும்தான், ஆனால் கூட்டாளியோடு முதல் நாளே குதிக்கலாமே. எங்கள் விளையாட்டில் மேலே இருப்பவன் கழன்றுகொண்டே இருக்கிறான், கீழே சேர வேண்டியவன் வாசலிலேயே திரும்பிவிடுகிறான்.

டொனேஷனாக வரும் படை தங்கும் கிளான் காசிலை நிரப்ப இப்போது ஆள்கூடத் தேவையில்லை, விளையாட்டில் சம்பாதிக்கும் ரெய்டு மெடலைக் கொடுத்தால் போதும். வசதிதான். நான் பயன்படுத்துகிறேன். ஆனாலும் டொனேஷன் கேட்கும் பட்டனை ஒரு தடவை அமுக்கிவிட்டுத்தான் மெடலைக் கொடுப்பேன்.

விளையாட்டுக்கு 5க்கு 4 தரலாம். தனியாக இறக்காதீர்கள், கூட நாலு பேரைச் சேர்த்து ஒரே நாளில் தொடங்குங்கள், அதில் ஒருத்தன் வாய்க்காரனாக இருக்கட்டும். எங்கள் கிளானில் 31 இடம் காலி. டவுன் ஹால் எதுவானாலும் சரி, வாருக்கு வந்தால் இரண்டு அட்டாக்கும் போடணும். போடாவிட்டால் இந்தத் தடவை ராத்திரி பதினொரு மணிக்கு நானே கூப்பிடுவேன்.