கீழ்பவானியை வரைய எது தோது: வீப்பா, சோர்ஸா?

பவானிசாகர் அணையிலிருந்து ஓடும் கீழ்பவானி வாய்க்காலின் பாசனத்தை, யாருக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடும் படமாகக் கணினியில் வரைய இரண்டு மென்பொருள்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்று ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் வீப். மற்றது ஆஸ்திரேலியாவின் ஈவாட்டர் சோர்ஸ். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான்: புள்ளிகள் நோடுகள், அவற்றைச் சேர்க்கும் கோடுகள் லிங்குகள். கரும்பைப் போல, கணுவும் இடைக்கணுவும். ஆனால் வீப்பின் கோட்டில் தண்ணீர் நுழைந்த கணமே மறுமுனைக்கு வந்துவிடும். சோர்ஸின் கோட்டில் அது நடந்து வர வேண்டும்.

வரைவதற்கு வீப்தான் சுலபம். ஆற்றை நீலக் கோடாக இழுத்து, அணையையும் ஆயக்கட்டையும் (பாசனம் பெறும் நிலத்தையும்) அதன்மேல் எடுத்து வைக்கலாம். பச்சைக் கோடு தண்ணீரைக் கொண்டுபோகும், சிவப்புக் கோடு வடிநீரை ஆற்றுக்குத் திருப்பும். ஒவ்வொரு ஆயக்கட்டுக்கும் 1 முதல் 99 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு, 1 தான் முதல் பந்தி. பவானி ஆற்றில் கொடிவேரி அணைக்கட்டில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும், இன்னும் கீழே பிரியும் காலிங்கராயன் வாய்க்காலும் பழைய ஆயக்கட்டு. அவற்றுக்கு 1 கொடுத்தேன். 1955இல் முடிந்த பவானிசாகர் அணையை நம்பிப் பிறந்த கீழ்பவானியின் 2,07,000 ஏக்கருக்கு 2. அவ்வளவுதான், மேலே இருக்கும் கீழ்பவானி தன் மதகை அடக்கிக்கொண்டு, கீழே இருக்கும் காலிங்கராயனுக்கு முதலில் விட்டுக்கொடுக்கிறது. (தலைமடையில் இவ்வளவு நல்லவர்களை வீப்பில்தான் பார்க்கலாம்.)

இங்கே நான் பட்ட பாடு ஒன்று. எத்தனை வறட்சி கொடுத்தாலும் காலிங்கராயனுக்கு நூற்றுக்கு நூறு தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது: காலிங்கராயன் அணைக்கட்டின் நோடை, பவானி காவிரியில் சேரும் கூடுதுறைக்குக் கீழே வைத்திருக்கிறேன். பவானியில் எடுக்க வேண்டிய வாய்க்கால் ஜம்மென்று காவிரியில் குடித்துக்கொண்டிருந்தது. சங்கமத்துக்கு மேலா கீழா என்பது திரையில் நெல்மணி அளவு தூரம். மென்பொருள் எதுவும் எச்சரிக்காது. நல்ல முடிவு வந்தால் முதலில் நோடு வரிசையைச் சந்தேகப்படுங்கள்.

சரி, சோர்ஸுக்கு வருவோம். கடைமடைத் தோட்டத்துக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார், “ஏனுங்க தம்பி, அங்க தொறந்தா இங்க எப்பங்க வரும்?” வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர். வழக்கமாக மாதக் கணக்கில் ஓடும் வீப்பை நாள் கணக்குக்கு மாற்றினாலும், தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், இன்று திறந்த தண்ணீர் இன்றே கடைமடையில். சோர்ஸில் லிங்க் மூன்று வகை: நேராகக் கடத்துவது, சில நாள் தாமதித்துக் கடத்துவது, வழியில் தேக்கி மெல்ல விடுவது. வாய்க்காலைத் துண்டு துண்டாக லிங்க் போட்டு ஒவ்வொன்றுக்கும் நாள் கொடுத்துவிட்டால், கீழே உள்ள பயனர் நோடு கேட்கும் தேவை முதலில் மேல்நோக்கி அணைவரை போகிறது, அப்புறம்தான் தண்ணீர் கீழே இறங்குகிறது. வழியில் நான்கு நாள் என்று வைத்தால், அணை நான்கு நாள் முன்பே திறக்கிறது. முறைத்தண்ணீர் விடும் ஊருக்கு இது பொருந்தும். விநாடிக்கு 2,300 கன அடி வீதம் பதினைந்து நாள் விட்டு, பதினைந்து நாள் நிறுத்தினால், மாதக் கணக்கில் அது 1,150 கன அடி மாதம் முழுக்க ஓடியதாகத் தெரியும். அப்படி ஓடினால் பாதி மதகுக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது.

ஒற்றைப்படை எண் மதகுகளுக்கு ஒரு போகம், இரட்டைப்படை எண் மதகுகளுக்கு அடுத்த போகம் என்று தண்ணீர் மாறுவதை இரண்டிலும் செய்யலாம். ஆயக்கட்டை இரண்டு நோடாகப் பிரித்துவிட்டால் போதும். பிரதான வாய்க்காலில் ஒற்றைப்படைக்கு விடும்போது சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலில் இரட்டைப்படைக்கு விடுவார்கள். அதை மறந்துவிடக் கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் சோர்ஸ்தான் என்று நான் சொல்லவில்லை, காரணம் கிணறு. கீழ்பவானிக்காரர்கள் பாதி வாழ்வது வாய்க்காலிலிருந்து கிணற்றுக்கு ஊறும் கசிவுநீரில். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்ற சண்டையே அதைப் பற்றியதுதான். வீப்பில் பச்சைக் கோட்டிலேயே, போகும் தண்ணீரில் இத்தனை சதவீதம் நிலத்தடிக்கு இறங்குகிறது என்று எழுதலாம். அந்த நிலத்தடி நோடிலிருந்து அதே ஆயக்கட்டுக்கு இன்னொரு கோடு இழுத்து, வாய்க்கால் முதலில், கிணறு அடுத்து என்று விருப்பமும் சொல்லலாம். கான்கிரீட் போட்டால் கடைமடைக்கு எவ்வளவு கூடுகிறது, கிணற்றில் எவ்வளவு குறைகிறது என்பது ஒரே படத்தில் தெரியும். சோர்ஸிலும் இதற்கு வழி உண்டு, ஆனால் எனக்கு அது சுற்றுவழியாகவே பட்டது.

நொய்யல் ஆற்றில் வரும் வெள்ளத்தைக் கணக்கிடுவது போன்ற வேலைக்கு இரண்டும் வேண்டாம். அமெரிக்க ராணுவப் பொறியாளர்களின் ஹெக்-எச்எம்எஸ் மென்பொருள் இலவசம், மழையை வெள்ளமாக்குவதில் கெட்டி. ஆனால் யாருக்கு முதல் தண்ணீர் என்று அதனிடம் கேட்க முடியாது.

காசு விஷயம்: வளரும் நாட்டு அரசு அலுவலகம், கல்லூரி, லாபநோக்கற்ற அமைப்பு என்றால் வீப் உரிமம் இலவசம். சோர்ஸிலும் இலவசப் பதிப்பு இருக்கிறது. நான் இப்போது அணை, பழைய ஆயக்கட்டு, கிணறுகளை வீப்பில் மாதக் கணக்கில் ஓட்டி, அதில் வரும் வாய்க்கால் பங்கை எக்செல்லில் நாளுக்கு நாள் பிரித்து, சோர்ஸில் அந்த 200 கிலோமீட்டருக்கு மட்டும் கொடுக்கிறேன். தோட்டத்துக்காரருக்கு ஒரு தேதி சொல்ல முடிகிறது. கசிவு சதவீதத்தை மட்டும் இரண்டிலும் கையால்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.