'ரிசென்ட்ஃபுல்' வேறு, 'இன்டிக்னன்ட்' வேறு: ஆங்கிலத்தில் கோபப்படும்போது எந்தச் சொல்லை எடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னுடன் வேலை பார்த்த ஒரு பெண்மீது அவர் செய்யாத தவறுக்குப் பழி விழுந்தது. வெளிநாட்டில் இருந்த மேலாளருக்கு நானே ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். 'ஆங்கிரி' என்று போட்டால் முரட்டுத்தனமாகத் தெரியுமோ என்று தயங்கி, அகராதியைப் புரட்டி, கொஞ்சம் கனமாகத் தோன்றிய 'ரிசென்ட்ஃபுல்' என்ற சொல்லை எடுத்துப் போட்டேன். மறுநாள் பதில் வந்தது. உங்களுக்குள் இப்படி ஒரு மனக்கசப்பு இருந்தது எனக்குத் தெரியாது, நாம் இருவரும் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒரே ஒரு சொல்லால் வழக்கே திசை மாறிவிட்டது. 'ரிசென்ட்' என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. மீண்டும் உணர்தல் என்பது அதன் வேர்ப்பொருள். எனக்கு இழைக்கப்பட்டதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் புழுங்குவதையே அது சொல்லும். நாள்பட்ட கோபம், உள்ளே வைத்திருக்கும் கோபம், தனக்காகப் படும் கோபம். நம் மனக்கசப்பும் கறுவும் அதற்கு மிக நெருக்கம். நான் தேடியிருக்க வேண்டியது 'இன்டிக்னன்ட்'. 'தகாதது' என்ற பொருள் கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. நடந்தது தகாது என்று கண்டவுடன் எழும் கோபம், அடுத்தவருக்காகவும் படலாம். 'இன்டிக்னன்ட் ஆன் ஹர் பிஹாஃப்' என்று ஆங்கிலத்தில் இயல்பாகவே சொல்வார்கள். 'ரிசென்ட்ஃபுல்' என்பதை அப்படி அடுத்தவருக்காகச் சொன்னால் பொருந்தாது. நம் அறச்சீற்றத்தின் பக்கத்தில் நிற்கக்கூடிய சொல் என்றால் எனக்கு இதுதான். அறச்சீற்றத்தின் கம்பீரம் முழுவதும் அதில் இல்லை. தன்னைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் விறைப்பாகவும் கேட்கும். ஆனாலும் அந்த மின்னஞ்சலுக்கு அதைவிடச் சரியான சொல் வேறில்லை.

'அனாய்ட்', 'இரிட்டேடட்' இரண்டுக்கும் அதிக வேறுபாடு பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவதைத் தோல் எரிச்சலுக்கும் சொல்வார்கள். தமிழில் எரிச்சல் செய்கிற இரட்டை வேலையையே அதுவும் செய்கிறது. சொல்லிச் சொல்லி அலுத்து, பொறுமை தீர்ந்த நிலையைக் காட்ட வேண்டுமானால் மட்டும் 'எக்ஸாஸ்பரேட்டட்' என்பதற்குப் போங்கள்.

'கிராஸ்', 'மேட்' இரண்டில் எதை எடுப்பது என்பது யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. 'கிராஸ்' பிரிட்டிஷ் வீடுகளில் புழங்கும் சொல். பிள்ளையிடம் அம்மா காட்டும் சிறு கோபம். அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது. அமெரிக்கரிடம் 'மேட்' என்றால் கோபம். பிரிட்டிஷ்காரரிடம் முதலில் நினைவுக்கு வருவது பைத்தியம். கோபம் என்ற பொருளிலும் அச்சொல் இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக இருந்ததுதான். ஆனால் 1781-இலேயே, ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய அறிஞர் ஜான் விதர்ஸ்பூன் அதை அமெரிக்க வழக்கு என்று குறை சொல்லிவிட்டார்.

'ஃபியூரியஸ்', 'லிவிட்' இரண்டும் உச்சக் கோபம். என் தேர்வு 'லிவிட்'. கன்றிப்போன தோலின் நீலக் கருமையைக் குறித்த லத்தீன் சொல் அது. பிறகு கோபத்தில் முகம் வெளிறுவதற்கும், இறுதியில் கோபத்துக்கே பெயராகவும் ஆனது. இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. கறுப்பு, சிவப்பு இரண்டும் வெகுளியைக் குறிக்கும் உரிச்சொற்கள் என்கிறது உரியியல். நிறத்தைக் குறிப்பதை அதற்கு அடுத்தபடியாகத்தான் சொல்கிறது. கண் சிவந்தான், முகம் கறுத்தது என்று இன்றும் எழுதுகிறோம். 'லிவிட்' நமக்குப் பழகிய வழியில் பிறந்த சொல். ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டுக்கும் முன்னால் 'வெரி' வராது. உச்சத்துக்கு மேல் உச்சம் இல்லை. வேண்டுமானால் 'ஆப்சல்யூட்லி' சேர்க்கலாம்.

'என்ரேஜ்ட்', 'அவுட்ரேஜ்ட்' இரண்டும் ஒரே வேர் போலத் தோன்றும். அப்படியில்லை. முதலாவதில் உள்ள 'ரேஜ்' என்பது 'ரேபிஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. நாய்க்கடி நோயின் பெயரும் அதுவே. நாமும் வெறிநாய் என்கிறோம், கோப வெறி என்கிறோம். இரண்டாவதில் அந்த 'ரேஜ்' இல்லவே இல்லை. 'அல்ட்ரா' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சில் உருமாறிப் பிறந்தது அது. எல்லை கடத்தல் என்று பொருள். முதலாவது கோபப்பட்டவர் நிலை தவறியதைச் சொல்கிறது. இரண்டாவது எதிராளி அத்துமீறியதைச் சொல்கிறது. அநீதியைக் கண்டித்து எழுதுகிறவர் முதலாவதைப் போட்டால், தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார்.

புகார்க் கடிதத்துக்குக் கோபச் சொல்லே வேண்டாம் என்று நினைத்தால் 'டிஸப்பாயின்டட்' இருக்கிறது. நமக்கு வெறும் ஏமாற்றம் போலக் கேட்கும். பிரிட்டிஷ் அலுவலகத்தில் 'எக்ஸ்ட்ரீம்லி டிஸப்பாயின்டட்' என்று ஒரு வரி வந்தால், கடுங்கோபம் என்றே படிப்பார்கள்.

எந்தச் சொல்லை எடுத்தாலும், நம் 'மேல்' அதில் ஒட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். அவர்மேல் கோபம் என்பதை 'ஆங்கிரி ஆன் ஹிம்' என்று எழுதுவது நம்மிடம் அடிக்கடி நேரும் பிழை. 'வித்' அல்லது 'அட்' தான் வர வேண்டும்.

இரண்டாவது மின்னஞ்சலில் அந்தப் பெண்ணின் பெயரை முதல் வரியில் வைத்தேன். 'இன்டிக்னன்ட் ஆன் ஹர் பிஹாஃப்' என்று எழுதி, என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாகக் கொடுத்தேன். அன்று மாலையே, அந்த வாரத்துப் பதிவேட்டின் நகலை அனுப்பச் சொல்லி அவர் பதில் எழுதினார்.